சிவப்புக்குச் சிவப்பு

பழைய பேட்டரியைக் கொன்றது நான்தான். அதற்கு வயதாகிவிட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே அந்தப் பொய் வேண்டாம். நடந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் தெருவில் யாராவது கார் பானெட்டைப் படாரென்று மூடினால் என் கையிலுள்ள காப்பி சட்டையில் கொட்டிவிடுகிறது. எழுதிப் பார்த்தால் தேறுமோ என்று ஒரு நப்பாசை.

என் மகளுக்குச் சாமராஜநகரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. உத்தரவுக் காகிதத்தின் தலைப்பில் மைசூர் அரசு என்று அச்சாகியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் கர்நாடகம் என்று முத்திரை குத்தியிருந்தார்கள். மாநிலத்தின் பெயர் மாறிப் பல வருடமாகியும் காகிதம் தீரவில்லை போலிருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று கன்னடத்தில் தட்டச்சு செய்திருந்தது. எனக்குக் கன்னடம் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவளுக்குத் தமிழ் அப்படி. அந்தக் கடைசி வரியை மட்டும் நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி மனப்பாடமே செய்துவிட்டேன்.

மைசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவதென்று அவள் தீர்மானித்திருந்தாள். முதல் நாள் மட்டுமாவது நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன் என்று நான் அறிவித்தேன். இரண்டு மணி நேரப் பயணம், அரை மணிக்கு ஒரு பஸ். காய்கறிக் கூடையோடு பெண்கள் தனியாகப் போய் வரும் பாதைதான். ஆனால் பஸ் பஞ்சராகலாம். டிரைவருக்கு மயக்கம் வரலாம். நஞ்சன்கூட்டில் ரயில்வே கேட் மூடிக் கிடக்கலாம்.

“கேட் மூடியிருந்தா கார் மட்டும் மேல பறக்குமாப்பா?” என்று மகள் கேட்டாள்.

“கார்ல நான் இருப்பேன்.”

“அதான் பயமா இருக்கு.”

கார் என்று நான் சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். எனக்கு முன்னால் மூன்று பேர் வைத்திருந்து, மூன்று பேரும் நிம்மதியாக விற்ற கார் அது. திங்கட்கிழமை காலை அது கிளம்புமா என்ற கவலை எனக்கு வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிட்டது. போய் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். கிளம்பியது. அணைத்தேன். சாயங்காலம் கிளம்புவது பெரிதல்ல, குளிரில் கிளம்புமா என்று சனிக்கிழமை விடியலில் பார்த்தேன். கிளம்பியது. அணைத்தேன். ஆறு மணிக்குக் கிளம்பியது ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டுமே என்று ஏழுக்குப் பார்த்தேன். இப்படியே அரை நிமிடம் ஓட்டுவதும் அணைப்பதுமாக, எத்தனையாவது முறையோ, மத்தியானம் அது ‘ர்ர்ர்’ என்று முனகியது. அடுத்த முறை ‘டக்’ என்றது. அதற்கடுத்த முறை ஒன்றுமே சொல்லவில்லை.

என் மனைவி கொள்ளேகால்காரி. அவர்கள் பக்கத்துத் தமிழில் எல்லா வாக்கியத்திலும் மரியாதையாக ஒரு ‘ங்க’ வந்துவிடும். அதனால் அவள் என்னைத் திட்டுவது அக்கம்பக்கத்துக்குத் தெரியாது.

“ஏனுங்க, திங்கக்கிழமை ஓட வேண்டியத சனிக்கிழமையே ஓட்டித் தீத்துப் போட்டீங்களாங்க?”

“பேட்டரிக்கு வயசாயிடுச்சு.”

“வயசாச்சுன்னா இப்படித்தானுங்க, சும்மா இருக்கறத நோண்டத் தோணும்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பேட்டரியைத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொண்டேன்.

முன்னால் கம்பி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிக் கிளப்பலாமே என்றாள் மகள். ஹேண்டில் திருப்பியடித்தால் மணிக்கட்டு உடைந்துவிடும், உடைந்த கையோடு உன்னை எப்படிச் சாமராஜநகருக்குக் கொண்டு போவேன் என்று கேட்டேன். புது பேட்டரி என்று முடிவாயிற்று.

மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் இருக்கும் சந்தில் பேட்டரிக் கடை. கடைக்காரர் நரைத்த தாடி வைத்த மனிதர். அவர் சட்டை முழுவதும் சல்லடை போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். பாவம், நல்ல சட்டைக்கு வசதியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஓட்டைகள் அவர் தொழிலைப் பற்றி என்ன சொல்கின்றன என்று யோசிக்கவில்லை. படித்தவன் அல்லவா, எழுதியிருந்தால் படித்திருப்பேன்.

“புதுசுக்கு ஆசிட் ஊத்தி ராத்திரி பூரா சார்ஜ்ல போடணும் சார். நாளைக்கி பத்து மணிக்கி வாங்க” என்றார். “இல்லாட்டி ஒண்ணு பண்றேன். ஞாயித்துக்கிழமைதானே, கடை அரை நாள்தான். மத்தியான ஊட்டா முடிச்சிட்டு நானே எடுத்துட்டு வந்து மாட்டிக் கொடுக்கறேன்.”

“வேண்டாம். நானே மாட்டிக்கறேன்.”

“உங்களுக்கு வருமா சார்?”

“நான் ரயில்வே.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “லோகோ ஷெட்டா?”

“ஆபீஸ்” என்றேன், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

எஞ்சின்களுக்கும் எனக்கும் இருபத்தெட்டு வருட உறவு. எல்லாம் கடித மூலம். எந்தப் பாகம் எங்கே பழுதாயிற்று, யார் பார்த்தார்கள், ஏன் இன்னும் பார்க்கவில்லை என்று எழுதுவது என் வேலை. நான் கையால் பழுது பார்த்த ஒரே இயந்திரம் ஸ்டேப்ளர். அது என் கட்டைவிரலைத் தைத்தது. இருந்தாலும் அவர் சாப்பிட்டு, தூங்கி, மறந்துபோய், வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. அதைச் சொல்வதைவிட ரயில்வே என்று சொல்வது எளிதாக இருந்தது.

“சரி, நான் எதுக்கும் நாலு மணிக்கி அந்தப் பக்கம் வருவேன்” என்று சொல்லி விலாசத்தை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பேட்டரியைக் கையில் தந்தபோது பாடமும் தந்தார்.

“கெம்பு கெம்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. அஷ்டே, அவ்வளவுதான். புதுசுல ப்ளஸ் மண்டை மேல கெம்புப் பெயின்ட், செவப்பு, இருக்கு பாருங்க. அப்பறம், இப்பத்தான் சார்ஜ்லேர்ந்து எறக்கினது. உள்ள கேஸ் இருக்கும். நெருப்புப் பொறி பக்கத்துல வரக் கூடாது.”

நான் பீடி சிகரெட் எதையும் தொடுவதில்லை என்று சொன்னேன். நற்சான்றிதழை நீட்டுவது போலத்தான் சொன்னேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஆட்டோவில் பேட்டரியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு வந்தேன். சந்துகளின் குலுக்கலில் ஆசிட் தளும்பிவிடுமோ என்று பயந்து, மேலே இருந்த ஆறு மூடிகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கி இறுக்கினேன். உள்ளே இருக்கும் கேஸ் எங்கே போகும் என்ற கேள்வி எனக்கு எழவில்லை. அது பேட்டரிக்குள்தான் எழுந்துகொண்டிருந்தது.

வேலை முடிந்ததும் சோதனை ஓட்டமாகச் சாமுண்டி மலை அடிவாரம் வரை போய் வருவதாகத் திட்டம். அதனால் வேட்டியில் இறங்காமல், என்னிடம் இருந்ததிலேயே நல்லதான வெளிர் மஞ்சள் பருத்திப் பேண்டைப் போட்டுக்கொண்டேன். மகள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள், கழற்றும் நட்டுகளைப் போட்டு வைக்க.

“கடைக்காரர்தான் நாலு மணிக்கு வரேன்னாரே. காத்திருக்கலாமேப்பா.”

“நாலு மணிக்கு வந்து இது சரியில்ல அது சரியில்லன்னா? அப்பறம் ராத்திரி. அப்பறம் திங்கக்கிழமை.”

“திங்கக்கிழமை எனக்கு பஸ் இருக்கு.”

நான் பானெட்டைத் தூக்கினேன்.

பழைய பேட்டரியின் தலையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து மூடியிருந்தது. எது ப்ளஸ், எது மைனஸ், எந்தக் கேபிள் எந்த நிறத்தில் பிறந்தது என்று ஒன்றும் தெரியவில்லை. அதைக் கழற்றி, தூக்கி, தரையில் விரித்த சாக்கின்மேல் வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. வைத்தபோது அது சாய்ந்து கொஞ்சம் சிந்தியது. தண்ணீர் போலத்தான் இருந்தது. சாக்கு நனைந்தது.

இப்போது இரண்டு கேபிள்கள் காற்றில் நின்றன, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு ஈயக் கவ்வி. இடது பக்கத்துக் கவ்வியை ஒரு துணியால் பிடித்துத் திருப்பியபோது, உப்புக்கு நடுவே தெரிந்தது: சிவப்பு. சின்னதாக, வட்டமாக, அழகாக. தொழிற்சாலையிலேயே வைத்தது போல.

“பாத்தியா? கெம்பு கெம்புக்கு.”

மகள் குனிந்து அந்தக் கேபிளைப் பின்தொடர்ந்து பார்த்தாள். அவள் பி.எஸ்ஸி. படித்தவள். “அப்பா, இந்தக் கேபிள் கார் பாடியிலதானே போய் முடியுது? பாடியோட சேர்றது நெகடிவ்னு எங்க ஃபிசிக்ஸ் மிஸ் சொன்னாங்களே.”

“உங்க மிஸ் கார் வெச்சிருக்காங்களா?”

“இல்ல.”

“அப்ப சும்மா இரு.”

கவ்வியை அந்தச் சிவப்பு பெயின்ட் அடித்த முனையில் மாட்டினேன். இறங்க மறுத்தது. துளை சிறியது, முனை பருமன். பேட்டரியில் ப்ளஸ் முனை கொஞ்சம் பருத்தும் மைனஸ் முனை கொஞ்சம் மெலிந்தும் இருக்குமாம், என் போன்றவர்கள் மாற்றி மாட்டிவிடக் கூடாதென்றே அப்படிச் செய்கிறார்களாம். இது எனக்குப் பிறகு சொல்லப்பட்டது. அப்போது நான் செய்தது, சமையலறைக்குப் போய் இஞ்சி இடிக்கும் கல்லை எடுத்து வந்து கவ்வியை அடித்து இறக்கியதுதான். மறுபக்கம் நேர்மாறாக, கவ்வி தொளதொளவென்று ஆடியது. எண்ணெய் டப்பாவின் மூடியிலிருந்து ஒரு தகரத் துண்டை வெட்டி மடித்துச் செருகினேன். எதையும் விட்டுக்கொடுக்காமல் வேலையை முடிக்கும் என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

சாவியைத் திருகப் போவதற்கு முன்புதான் அதைச் சொன்னேன்.

மகள் எஞ்சினுக்குப் பக்கத்தில் கிண்ணத்தோடு குனிந்து நின்றுகொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடி நுனி மூக்குக்கு இறங்கியிருந்தது. அது ஃபேன் பெல்ட்டில் விழுந்தால் தூளாகும். இன்னொன்று செய்து வாங்க ஒரு வாரம். கண்ணாடி இல்லாமல் நாளைக்கு எங்கே கையெழுத்துப் போடுவது என்றே அவளுக்குத் தெரியாது. வேலை போகும். இவ்வளவும் எனக்கு ஒரு நொடியில் தோன்றிவிட்டது. இந்த வகையில் என் மூளை மிக வேகமானது.

“கண்ணாடியக் கழட்டி உள்ள வெச்சிட்டு வா.”

“கழட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா.”

“விழுந்து ஒடைஞ்சா? கழட்டு.”

“விழாது.”

“சொன்னாக் கேளு, கழட்டு!”

அவள் கண்ணாடியை விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். நான் கோபமாகப் போய் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தேன்.

கார் ஒரே திருகில் கிளம்பியது! மாற்றி மாட்டினாலும் அந்தக் காலத்துக் கார்கள் கிளம்பிவிடுமாம். கிளம்பாமல் இருந்திருந்தால் என் வாழ்க்கையில் அப்படி ஒரு தினமே இருந்திருக்காது. நான் ஹாரனை அடித்தேன். மனைவி கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்தாள். இன்னொரு முறை அடித்தேன். டாஷ்போர்டில் எப்போதும் வலப்பக்கம் சாயும் முள் ஒன்று இடது கோடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். புது பேட்டரியின் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன்.

“அப்பா, புகை! எஞ்சின் பக்கத்துல அந்தக் கறுப்பு டப்பாவிலேர்ந்து புகை வருது!”

சாவியைத் திருப்பி அணைத்தேன். எஞ்சின் நின்றது, புகை நிற்கவில்லை. மகள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க இன்னும் குனிந்தாள். நான் ஓடிவந்து ஸ்பானரால் கவ்வியைத் தளர்த்தி, இழுத்துப் பிடுங்கினேன். பொறி பறந்தது. கடைக்காரர் சொன்ன பொறி பீடியிலிருந்து வர வேண்டும் என்று அவசியமில்லை.

சத்தம் ரொம்பப் பெரிதில்லை என்று மனைவி சொல்கிறாள். டயர் வெடித்தது போல இருந்ததாம். எனக்கு அது இன்னும் முடியவில்லை. பேட்டரியின் ஒரு மூலை பிளந்து மூடிகள் எகிறின. நான் பின்னால் போய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். மகள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். கிண்ணமும் நட்டுகளும் சிமென்டுத் தரையில் உருண்டு, வெகு நேரம் உருண்டுகொண்டே இருந்தன.

நான் எழுந்திருக்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. முடியவில்லை. அவள் கைகளை எடுத்தால் என்ன தெரியுமோ என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. சற்று முன்புவரை அவளுடைய கண்ணாடிக்காகக் கவலைப்பட்டவன், கண்ணுக்காக எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் சாக்கில் உட்கார்ந்திருந்தேன்.

மனைவி கரண்டியை எறிந்துவிட்டுத் துணி துவைக்கும் கல்லிடம் ஓடி வாளியைத் தூக்கி வந்தாள்.

“கைய எடு சாமி! கண்ணத் தொற! தொறந்தே வெய்யி!”

ஊற்றினாள். மூச்சு விடாமல் ஊற்றினாள். அந்த வாளி தீர்ந்து, குழாயிலிருந்து பிடித்து மறுபடி ஊற்றினாள். பிறகு திரும்பிப் பார்த்து, மிச்சத்தை என் தலையில் ஊற்றினாள்.

மகள் இருமிக்கொண்டே, “தெரியுதும்மா. தெரியுது. ரெண்டு கண்ணும் தெரியுது. போதும்” என்றாள்.

கண்ணாடி அவள் காலடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். வலது சில்லில், சரியாகக் கண்மணி இருக்கும் இடத்தில், இரண்டு பெரிய துளிகள் தெறித்து வழிந்திருந்தன. சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளிம்பு மட்டும் ஒரு இடத்தில் வெளுத்திருந்தது.

தெருக்கோடி டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணில் ஒன்றுமில்லை, கன்னத்தில் இரண்டு சின்னப் புண், பத்து நாளில் ஆறிவிடும் என்றார். “கண்ணாடி போட்டிருந்தது நல்லதாப் போச்சு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். மகளும் என்னைப் பார்த்தாள்.

சொன்னபடியே நாலு மணிக்குப் பேட்டரிக் கடைக்காரர் சைக்கிளில் வந்தார். எஞ்சினைப் பார்த்தார். பிளந்த பேட்டரியைப் பார்த்தார். இஞ்சிக் கல்லைப் பார்த்தார்.

“கெம்பு கெம்புக்குன்னுதானே சொன்னேன் சார்?”

“அப்படித்தான் மாட்டினேன். இதோ பாருங்க, சிவப்பு.”

அவர் கவ்வியைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் அந்தச் சிவப்பைத் தேய்த்தார். விரலில் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனார்.

“சார், இது பெயின்ட் இல்ல. குங்குமா.”

எனக்குப் பத்து நாளுக்கு முந்தைய ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத்தான் வைப்போம், காற்றில் பறந்துவிடக் கூடாதென்று. நான்கு சக்கரங்களுக்கும் முகப்புக்கும் ஸ்டியரிங்குக்கும் வைத்துவிட்டு, போதுமுங்க என்று மனைவி சொன்ன பிறகும், நான் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். மகளின் வேலை உத்தரவு அதற்கு முந்தைய நாள்தான் வந்திருந்தது. அவளை ஏற்றிக்கொண்டு இந்தக் கார் சாமராஜநகர் போக வேண்டும். உள்ளேயும் எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு இருக்கட்டும் என்று ரேடியேட்டருக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, கடைசியாகப் பேட்டரிக்கு ஒன்று என்று என் மோதிர விரலாலேயே வைத்தேன். பேட்டரியின் அந்தப் பக்கத்து முனைக்குக் கை எட்டவில்லை.

“யார் வெச்சது?” என்று கேட்டார் கடைக்காரர்.

“நான்தான்.”

“ரெண்டு பக்கமும் வெச்சிருக்கக் கூடாதா சார்? கொழம்பிப் போய் நான் வர்ற வரைக்கும் சும்மா இருந்திருப்பீங்க” என்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். அப்போது மகள் காப்பியோடு வெளியே வந்தாள். அவள் கன்னத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கவ்வியைத் தன் சட்டையிலேயே துடைத்து வைத்துவிட்டு, டைனமோவும் புகைந்த அந்தக் கறுப்பு டப்பாவும் போய்விட்டன, மூன்று நாளாவது ஆகும் என்றார். காப்பியைக் குடித்துவிட்டு, “பொண்ணு ஹுஷாரா இருக்காளே, அது போதும் சார்” என்று சைக்கிளில் ஏறிப் போனார்.

ஆக, பஸ்.

“நானும் கூட வரேன்” என்றேன்.

“பேடாப்பா. மொத நாள் அப்பாவக் கூட்டிக்கிட்டு வந்து நின்னா அங்க என்ன நெனைப்பாங்க? கன்னத்துல பிளாஸ்திரி வேற. நீ வரக் கூடாது. சத்தியம் பண்ணு.”

சத்தியம் செய்தேன். பரிகாரமாக அவள் பையில் ஒரு குடை, தண்ணீர் பாட்டில், தலைவலி மாத்திரை, ஒரு பழுப்பு ஸ்வெட்டர் ஆகியவற்றைத் திணித்தேன். சாமராஜநகர் வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று அவள் கேட்டாள். தேவைப்படாது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டேன்.

திங்கட்கிழமை ஏழு மணி பஸ்ஸில் அவளை உட்கார வைத்துவிட்டு, கண்டக்டரிடம் போனேன். “பொண்ணு தனியாப் போறா. சாமராஜநகர்ல மறக்காம எறக்கி விட்டுடுங்க.”

“சார், அதுதான் கடைசி ஸ்டாப்” என்றார் கண்டக்டர். “அங்க எல்லாரையும் எறக்கித்தான் ஆகணும்.”

பஸ் போனது. வீட்டுக்குப் போக ஆட்டோ தேடித்தான் திரும்பினேன். ஏழரை மணி பஸ் எதிரே நின்றுகொண்டிருந்தது. முன் பஸ் வழியில் நின்றிருந்தால் யாராவது பார்க்க வேண்டாமா? ஏறிவிட்டேன். நஞ்சன்கூடு கேட் திறந்தே இருந்தது. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஒன்பதரைக்குச் சாமராஜநகரில் எழுந்து நின்றபோது பின்பக்கம் ‘சர்ர்’ என்று ஒரு சத்தமும், தொடர்ந்து இதமான காற்றும் வந்தன. நான் போட்டிருந்தது அதே வெளிர் மஞ்சள் பேண்ட். நேற்று சாக்கின்மேல் உட்கார்ந்த பேண்ட். மனைவி அலசிக் காயவைத்தபோது அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இஸ்திரி போட்டது அது ஒன்றுதான் என்று காலையில் மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஆசிட் பட்ட பருத்தி அப்படியே நின்று, ஒரு நாள் கழித்து, தோதான சமயம் பார்த்துப் பொடியாக உதிரும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். பேட்டரிக் கடைக்காரரின் சட்டையைப் பற்றி நான் பட்ட இரக்கத்தை மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கையிலிருந்த செய்தித்தாளைப் பின்னால் பிடித்துக்கொண்டு, சுவர் ஓரமாகவே நடந்தேன். சுவர் இல்லாத இடங்களில் பக்கவாட்டில் நடந்தேன். அலுவலகம் பஸ் நிலையத்துக்கு எதிரிலேயே இருந்தது. ஜன்னல் வழியாக ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது என்று எண்ணம். உள்ளே மகள் ஒரு மேசையருகே நின்று ஒரு பெரிய ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே கடிகாரத்தில் ஒன்பது முப்பத்தைந்து. அப்பாடா என்று நான் விட்ட மூச்சு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்தாள். “சத்தியம்?”

“சும்மா பாத்துட்டுப் போகலாம்னு. கிளம்பிட்டேன்.”

“சரி, கிளம்பு.”

நான் கிளம்பவில்லை.

“ஏன் செவுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கற? திரும்பு.”

“வேண்டாம்மா.”

“திரும்புப்பா!”

திரும்பினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். கன்னத்தில் பிளாஸ்திரி இழுத்ததால் “ஸ்ஸ்” என்றாள், அப்படியும் நிறுத்தவில்லை. பிறகு உள்ளே போய்ப் பையிலிருந்து அந்தப் பழுப்பு ஸ்வெட்டரைக் கொண்டுவந்து, கைகளை என் வயிற்றில் முடிச்சுப் போட்டு இடுப்பில் கட்டிவிட்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்துக்கு நான் அவளுக்கு இடுப்புத் துணி கட்டிவிட்டது போலவே, ஒரு முறை இழுத்துப் பார்த்து, சரி என்றாள்.

“நேத்து நான் ஒன்ன கண்ணாடியக் கழட்டச் சொன்னேன்” என்றேன்.

“மூணு தடவ சொன்னே.”

“அம்மாகிட்ட…”

“சொல்லல.”

“நான் சொன்னத நீ கேட்டிருந்தா…”

“நான் என்னிக்குப்பா நீ சொன்னதக் கேட்டிருக்கேன்?”

மேசை அதிகாரியிடம் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். ஏழு மணி பஸ் மைசூருக்குத் திரும்பத் தயாராக நின்றிருந்தது. அதே கண்டக்டர். அவர் என் இடுப்பு ஸ்வெட்டரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“எங்கப்பா. தனியாப் போறாரு” என்றாள். “மைசூர்ல மறக்காம எறக்கி விட்டுடுங்க.”

“ஆய்த்தும்மா, பத்திரமாக் கொண்டு சேக்கறேன்” என்றார் அவர். கடைசி ஸ்டாப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் கிளம்பியது. எதிர்ப்பக்கம் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அவள் சாலையோரம் நின்றாள். பார்த்துக் கடக்கச் சொல்லலாம் என்று ஜன்னலைத் தள்ளினேன். அது துருப்பிடித்து இறுகியிருந்தது, அசையவில்லை. அவள் கண்ணாடியை விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். லாரி போகும்வரை நின்று, கடந்து, படியேறி உள்ளே போனாள்.